பயந்த மனதுள்ள புதியவருக்கு அமைதியான குதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் 38 வயதில்தான் முதன்முதலாகச் சேணத்தில் உட்கார்ந்தேன். முதல் சில மாதங்கள், அங்கவடியில் கால் வைக்கும்போதே உள்ளங்கை வியர்த்துவிடும். இன்று சொந்தமாக ஒரு குதிரை இருக்கிறது. புதிதாகக் குதிரை வாங்க நினைப்பவர்கள் துணைக்கு வரச் சொல்லி அழைக்கிறார்கள், போகிறேன். போகும் வழியில் காரில் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில், பெரியவரான பிறகு குதிரையேற்றம் கற்கத் தொடங்கி, பயத்தை மனதில் வைத்துக்கொண்டே குதிரை தேடுகிறவர்களுக்காக எழுதியது இது.

பயிற்சிப் பள்ளியில் ஆறு மாதம் ஓட்டியிருக்கிறேன். சொந்தக் குதிரை வாங்க இது போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதாது. பள்ளியில் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் யாரோ ஒருவர் குதிரையைத் தேய்த்து, குளம்பு சுத்தம் செய்து, சேணம் கட்டி நிறுத்தியிருப்பார். அந்த அரை மணி நேரத்தில்தான் குதிரையின் குணத்தில் பாதி தெரியும். அதை நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பள்ளியில் உங்களுக்குப் பிடித்த ஒரே குதிரையை வாரத்தில் மூன்று நாள் உங்களுக்கென்று ஒதுக்கித் தரச் சொல்லி, அதற்கொரு மாதக் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். கேட்டால் பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள். லாயத்திலிருந்து அழைத்து வருவது முதல் திரும்பக் கட்டுவது வரை எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். நான்கு குளம்புகளையும் பயமில்லாமல் தூக்கி, கடிவாளத்தை நீங்களே மாட்டி, யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரு சுற்று நடையும் டிராட் என்னும் மெல்லோட்டமும் போய்வர முடிகிறதென்றால், அப்போது தேடத் தொடங்கலாம்.

விற்கிறவர்கள் எல்லோருமே 'குழந்தைகூட ஏறலாம், அவ்வளவு சாது' என்கிறார்கள். அமைதியான குதிரை என்றால் உண்மையில் என்ன?

நான் கற்றுக்கொண்ட இடத்தில் 17 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருந்தது. ஒரு மாலை, மதிலுக்கு வெளியே சாமி ஊர்வலத்தில் சரவெடி வைத்துவிட்டார்கள். நான் அதன் மேல் இருந்தேன். முதல் வெடிக்கு அதன் உடம்பு எனக்குக் கீழே நாலு விரற்கடை தாழ்ந்தது. நான்கு கால்களும் ஊன்றி நின்றன. கழுத்து கல்லாக இறுகியது. இரண்டு காதுகளும் மதில் பக்கம் நிமிர்ந்தன. சரம் முழுவதும் வெடித்துத் தீரும்வரை அப்படியே நின்றது. பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஒரு காதை மட்டும் பின்னால் என் பக்கம் திருப்பியது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அது என்னிடம் கேட்கிறது என்பது எனக்கே புரிந்தது.

நீங்கள் தேட வேண்டியது இதைத்தான். மிரளாத குதிரை உலகத்தில் கிடையாது. புல்மேட்டில் வேட்டை விலங்குக்குத் தப்பி ஓடிப் பிழைத்த இனம் அது. மிரட்சிதான் அதை இத்தனை காலம் காப்பாற்றியது. மிரண்ட பிறகு எவ்வளவு சீக்கிரம் தன்னிலைக்கு வருகிறது, வந்ததும் மேலே இருப்பவரை நினைத்துப் பார்க்கிறதா என்பதில்தான் குதிரைக்குக் குதிரை வித்தியாசம். இந்தக் குணத்தில் ஒரு பங்கு பிறவியிலேயே வருவது. மீதியெல்லாம், தடுமாறுகிற, தவறாக இழுக்கிற, குதிகாலால் தெரியாமல் இடிக்கிற எத்தனையோ புதியவர்களைச் சுமந்து பழகியதால் வருவது. எனவே விற்பவர் 'சாது' என்றால் விடாமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: இதுவரை இதன் மேல் யார் யார் ஏறியிருக்கிறார்கள்? அவர்களில் புதியவர்கள் எத்தனை பேர்?

பார்வைக்கு அமைதிபோலவே தெரியும் வேறு சில நிலைகளும் உண்டு. பட்டினியாலும் குடற்புழுவாலும் சோர்ந்த குதிரை அசையாமல் நிற்கும். இரண்டு மாதம் நல்ல தீனி கிடைத்ததும் வேறு குதிரையாகிவிடும். காலையிலிருந்து ஓட்டிக் களைத்த குதிரையும் அப்படித்தான். எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, அடிபட்டு அடிபட்டு எதற்கும் எதிர்வினை காட்டுவதையே விட்டுவிட்ட குதிரை. கழுத்தில் கை வைத்தால் திரும்பாது, ஈ மொய்த்தாலும் தோலைச் சிலிர்க்காது, கண் எங்கோ வெறித்திருக்கும். நல்லவிதமாக நடத்தினால் அதுவும் ஒருநாள் விழித்துக்கொள்ளும். பலநாள் அடக்கிய பயத்தோடு விழித்துக்கொள்ளும். அதைத் தேற்றுவது அனுபவமுள்ளவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

எந்த இனம் நல்லது?

இனம் ஓரளவுக்குத்தான் வழிகாட்டும். நம் ஊரில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. பந்தயத்துக்கென்று வளர்க்கப்பட்ட தரோபிரெட், ராஜஸ்தானின் மார்வாரி அல்லது குஜராத்தின் கத்தியவாரி, பிறகு நாட்டுக் குதிரைகளும் மட்டக்குதிரைகளும்.

மார்வாரியையும் கத்தியவாரியையும் உள்நோக்கி வளைந்து நுனி தொடும் காதுகளால் அடையாளம் காணலாம். கூர்மையான புத்தி, சுறுசுறுப்பு, மனிதரிடம் நெருக்கமான பிணைப்பு எல்லாம் உண்டு. சில மார்வாரிகளுக்கு ரேவால் என்னும் குலுக்கலில்லாத நடை இயல்பாகவே வரும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் மேளத்துக்கு ஆடவும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கவும் பழக்கியிருந்தால் புதியவருக்கு ஆகாது. கடிவாளத்தை நீங்கள் பயத்தில் இழுத்துப் பிடிப்பது அதற்கு 'ஆடு' என்ற கட்டளையாகப் படலாம்.

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகள் வண்டிச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் பழகியவை. அவற்றுள் பல, ஆள் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தால் மட்டுமே நடக்கும். மேலே இருப்பவர் சொல்வது அவற்றுக்குப் புரியாது. கயிற்றைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். வண்டிக் குதிரைக்கும் இதே எச்சரிக்கை. வண்டியில் பசுவாக இருக்கும் குதிரைக்கு முதுகில் ஆள் உட்கார்ந்த அனுபவமே இல்லாமல் இருக்கலாம்.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை மிக மலிவாக, சில நேரம் இலவசமாகவே கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

பந்தயத்திலிருந்து நேராக வருவதென்றால், வேண்டாம். அந்தக் குதிரைகள்மேல் எனக்குள்ள பிரியத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம் உங்களுக்குத் தெரிந்த பாடத்துக்கு நேர்மாறானது. ஜாக்கி கடிவாள வாரை இறுக்கிப் பிடித்தால், அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடு என்று அது புரிந்துகொள்ளும். புதியவர் பயந்தால் செய்யும் முதல் காரியமே வாரை இறுக்குவதுதான். ஜாக்கியின் அங்கவடி மிகக் குட்டை. கால் விலாப்புறத்தில் தொங்காது. புதியவரின் கால்கள் இரண்டு பக்கமும் இறுக்கும்போது அது திகைத்துப் போகும். நிறுத்தி ஏறுகிற பழக்கமும் அதற்கு இல்லை; குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஜாக்கியின் காலைப் பிடித்துத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார். நீங்கள் ஏறும்போது அது நகர்ந்தால் அது குற்றம் ஆகாது. அதற்குச் சொல்லித் தந்தது அதுதான்.

நல்ல பயிற்றுநரிடம் ஓரிரு ஆண்டு மறுபயிற்சி பெற்று, அதன் பிறகு சில ஆண்டுகள் பள்ளியில் புதியவர்களைச் சுமந்த தரோபிரெட் என்றால் விஷயமே வேறு. மேலே சொன்ன 17 வயதுப் பெட்டையும் அப்படி வந்ததுதான். இன்னொரு வசதியும் உண்டு. இந்தியாவில் தரோபிரெட் குதிரைகளின் பிறப்பையும் வம்சத்தையும் புனேயிலுள்ள வம்சாவளிப் பதிவு அமைப்பு பதிவு செய்கிறது. ஆகவே தாள்கள் கையில் இருந்தால் வயதைப் பற்றி உங்களிடம் பொய் சொல்வது கடினம்.

ஆணா, பெட்டையா?

காயடித்த ஆண் குதிரை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. நாளுக்கு நாள் குணம் மாறாது. பெட்டை இரண்டாவது; பருவத்துக்கு வரும் நாள்களில் சில பெட்டைகள் எரிச்சலாக இருக்கும், பல எந்த வித்தியாசமும் காட்டாது. காயடிக்காத ஆண் குதிரை வேண்டாம். நம் ஊரில் நாட்டு இனங்களைக் காயடிக்காமலே வைத்திருப்பது சாதாரணம் என்பதால் சந்தையில் கண்ணில் படுவதில் பல அப்படித்தான் இருக்கும். அதன் உரிமையாளர் கையில் நாய்க்குட்டி மாதிரி நிற்கும். பக்கத்தில் ஒரு பெட்டை கனைத்ததும் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

என்ன வயதில் வாங்குவது?

10 முதல் 16. நான் இதில் பிடிவாதக்காரன். நாலு வயதுக் குதிரையை 'இனிமேல்தான் நிறைய காலம் இருக்கிறது' என்று சொல்லி விற்பார்கள். அந்தக் காலம் முழுவதும் அதற்குப் பாடம் சொல்லித் தர வேண்டியவர் நீங்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

வயதைப் பல்லில் பார்க்கலாம். பால்பற்கள் விழுந்து முன்வரிசை முழுவதும் நிலைப்பற்களாவது ஏறக்குறைய ஐந்து வயதில். அதற்குப் பிறகு மதிப்பீடுதான். மேல்வரிசையில் முன்பற்களின் கடைசிப் பல்லில், ஈறோரம் பழுப்பாக ஒரு நீளப் பள்ளம் பத்து வயது வாக்கில் தோன்றும். 15-இல் பல்லின் பாதிவரை இறங்கும். 20-இல் அடிவரை வந்துவிடும். தீனியும் தேய்மானமும் குதிரைக்குக் குதிரை மாறுவதால் ஓரிரண்டு ஆண்டு முன்பின்னாகும். பல்லைப் பார்க்க மருத்துவரையே கூப்பிடுங்கள். பழக்கமில்லாதவர் குதிரையின் வாய்க்குள் விரல் விடக் கூடாது.

உயரம், எடை?

குதிரையின் உயரத்தை, கழுத்து முதுகோடு சேரும் தோள்மேட்டில் அளந்து, கையளவால் சொல்வார்கள். ஒரு கை நாலு அங்குலம். தரையிலிருந்து விழும் தூரம் குறையட்டும் என்று புதியவர்கள் சின்னக் குதிரையை விரும்புவது இயல்பு. 14 முதல் 15 கை உயரம் பெரும்பாலான பெரியவர்களுக்குப் போதும். எடையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓட்டுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 350 கிலோ குதிரை என்றால் எல்லாம் சேர்த்து 70 கிலோ. முதுகு வலிக்கிற குதிரை நெடுநாள் அமைதியாக இருக்காது.

சுழி பார்த்து வாங்க வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மயிர் சுழித்து வளர்ந்திருக்கும் இடங்களைப் பார்த்துப் பலன் சொல்வது நம் ஊரில் நெடுங்காலப் பழக்கம். பெரியவர்கள் மதிக்கும் ஒன்றை நான் இகழ மாட்டேன். ஆனால் நல்ல சுழி உள்ள குதிரை தூக்கி எறிந்ததையும், யாரும் வாங்க மாட்டேன் என்று ஒதுக்கிய சுழி உள்ள குதிரை பத்து ஆண்டு குழந்தைகளைச் சுமந்ததையும் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக்குச் சுழி சாட்சி சொல்லாது. உங்கள் வீட்டில் அதற்கு ஆட்சேபம் இல்லையென்றால், சுழியின் பேரால் விலை குறைந்து நிற்கும் நல்ல குதிரை உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு.

அந்தியூர் சந்தையில் வாங்கலாமா?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையைக் குதிரைப் பிரியர்கள் வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கத்தியவாரி, மார்வாரி, நாட்டுக் குதிரை என்று பல இடங்களிலிருந்து வரும். பர்கூர் மலை மாடுகளும் நிற்கும். இனங்களைக் கண்ணால் பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் தெரியாது.

ஆனால் முதல் குதிரையை அங்கே வாங்காதீர்கள். லாரியில் நெடுந்தூரம் வந்து, தெரியாத இடத்தில், மேளத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே கட்டப்பட்டிருக்கும் குதிரையின் அன்றாடக் குணம் அங்கே தெரியாது. நிதானமாக இருப்பது களைப்பாலும் இருக்கலாம். துள்ளுவது பயத்தாலும் இருக்கலாம். பிடித்த குதிரை ஒன்றைப் பார்த்தால் உரிமையாளரின் ஊரைக் கேட்டு வைத்துக்கொண்டு, திருவிழா முடிந்து இரண்டு வாரம் கழித்து அதன் சொந்த லாயத்தில் போய்ப் பாருங்கள். 'இன்றைக்கே முன்பணம் கொடுத்தால்தான்' என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பார்க்கப் போகும் நாளில் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில், உங்கள் பயிற்றுநரையோ நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரையோ கட்டாயம் கூட அழைத்துச் செல்லுங்கள். 'நாங்கள் வந்தபிறகுதான் குதிரையை வெளியே எடுக்க வேண்டும்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாகவே போய்விடுங்கள்.

ஒருமுறை அப்படிப் போனபோது, வெள்ளைக் குதிரை ஒன்று மரத்தடியில் சேணமில்லாமல், குளிப்பாட்டித் தயாராக நின்றது. அழகான குதிரை, தலை தாழ்த்தி எங்களைப் பார்த்தது. கூட வந்தவர் மனம் அப்போதே சாய்ந்துவிட்டது. நான் வயிற்று வார் கட்டும் இடத்தில், முன்னங்காலுக்குப் பின்புறம் கையை நுழைத்துப் பார்த்தேன். மேலெல்லாம் தண்ணீரால் குளிர்ந்திருந்த உடம்பில் அந்த இடம் மட்டும் கொதித்தது. விலா இன்னும் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறைதான் மூச்சு விடும். நான் எண்ணியபோது 30-ஐத் தாண்டியது. காலையிலேயே நன்றாக ஓட்டிக் களைக்க வைத்துவிட்டுக் குளிப்பாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துச் சொல்லாமல் போனோம். அதே குதிரை சேணத்தைக் கண்டதும் பின்னால் போய்க் கட்டுக்கயிற்றை அறுத்தது.

ஆகவே எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து பாருங்கள். லாயத்துக்குள் ஆள் நுழையும்போது காது எப்படிப் போகிறது? முன்னோக்கியோ தளர்ந்து பக்கவாட்டிலோ இருந்தால் நல்லது. பிடரியோடு ஒட்டி மடங்கினால் அது எச்சரிக்கை. கட்டி நிறுத்தினால் நிற்கிறதா? நான்கு குளம்பும் தருகிறதா? வயிற்று வார் இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறதா? கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று பழமொழியே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரேமாதிரி அமைதியாக வாய் கொடுக்கிற குதிரையும் இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

முதலில் விற்பவர் தரப்பில் ஒருவர் ஏறி ஓட்டட்டும். 'ஆள் இல்லை, நீங்களே ஏறிப் பாருங்கள்' என்றால் ஏற வேண்டாம். அடுத்து உங்கள் பயிற்றுநர். அவர் சரி என்றால் மட்டும் நீங்கள். ஏறும்போது அசையாமல் நிற்கிறதா என்பது முதல் தேர்வு. நடக்க விட்டு நிறுத்துங்கள், திருப்புங்கள், டிராட் போய் மறுபடி நடைக்குக் கொண்டுவாருங்கள். நடையைவிட நிறுத்தம் முக்கியம். நீங்கள் மூச்சை விட்டுத் தளர்ந்து உட்கார்ந்ததும் வேகம் குறைகிறதா என்று பாருங்கள்.

பிறகு வாசலைத் தாண்டி வெளியே, வேறு குதிரையின் துணையில்லாமல், பயிற்றுநர் ஓட்டிப் போகட்டும். டிராக்டர், தெருநாய், காற்றில் பறக்கும் நெகிழிப் பை, சாலையோரத் தண்ணீர்த் தேக்கம் எல்லாவற்றையும் கடக்கட்டும். வீட்டை விட்டுப் போகும்போது நல்ல பிள்ளையாக நடந்துவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பியதும் பாய்கிற குதிரைகள் உண்டு. திரும்பும் வழியை அதனால்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

குறைந்தது மூன்று முறை போங்கள். அதில் ஒரு முறை, குதிரை இரண்டு மூன்று நாள் சும்மா நின்றபிறகு. வேலை நிமித்தம் நீங்கள் வாரத்தில் நாலு நாள் ஓட்ட முடியாமல் போகும். அந்த ஐந்தாம் நாள் அது எப்படி இருக்கும் என்பதே உங்கள் வாழ்க்கைக்குத் தேவையான தகவல்.

மயக்க மருந்து கொடுத்து விற்பார்களாமே?

நடக்கிறது. அசெப்ரோமசின் போன்ற மருந்துகள் சில மணி நேரத்துக்குக் குதிரையைச் சாந்தமாக்கும். கீழுதடு தொங்குவது, கண்ணின் உள்மூலையிலிருந்து சவ்வு பாதிவரை வந்து மூடுவது, கால்களை அகட்டி நிற்பது, ஆண் குதிரையின் குறி வெளியே தொங்கி உள்ளே இழுத்துக்கொள்ளாமலே இருப்பது ஆகியவை அடையாளங்கள். நொண்டலை மறைக்க ஃபீனைல்பூட்டசோன் போன்ற வலிமருந்து கொடுப்பதும் உண்டு. வாங்கும் நாளில் மருத்துவர் இரத்தம் எடுத்து வைத்துக்கொள்வார் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நேர்மையானவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

கடிவாளத்தில் கவனிக்க ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. வாயில் போடும் இரும்பைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பாருங்கள். முள் வைத்த கடிவாளங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சுமை, வண்டி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்தும்கூட. உதட்டு மூலையில் தழும்பு, நாக்கில் வெட்டு, ஈறில் புண் இருந்தால் அதன் 'அமைதி' வலியால் வந்தது. சாதாரண வழவழப்பான கடிவாளத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'இது இல்லாமல் நிற்காது' என்று பதில் வந்தால் உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

மருத்துவப் பரிசோதனை அவ்வளவு அவசியமா? செலவு அதிகமாகிறதே.

குதிரையின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறுதொகை. விற்பவரின் மருத்துவர் வேண்டாம்; நீங்கள் அழைத்து வருபவராக இருக்கட்டும். குதிரை பார்த்துப் பழகியவர் உங்கள் பகுதியில் இல்லையென்றால் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரியுங்கள். கண், இதயம், நுரையீரல், முதுகு, பல், நான்கு கால்கள், கெட்டித் தரையில் டிராட் ஓடும் நேர்த்தி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை நான் அழுத்திச் சொல்வேன்: ஒரு பக்கம் பார்வை மங்கிய குதிரை அந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் திடுக்கிடும்.

இரத்தப் பரிசோதனையில் கிளாண்டர்ஸ் என்னும் பாக்டீரியா நோய், குதிரைத் தொற்று இரத்தசோகை, ஈக்கடியால் பரவும் சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய் மூன்றும் சேரட்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும். நோய் உறுதியானால் அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம், குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. மாதிரி அனுப்பும் முறையை மருத்துவர் சொல்வார்.

நான் பயப்படுவது குதிரைக்குத் தெரிந்துவிடுமா?

தெரியும். 2009-இல் ஸ்வீடனில் ஒரு சோதனை செய்தார்கள். குதிரையை நடத்திச் செல்பவர்களிடமும் ஓட்டிச் செல்பவர்களிடமும், ஒரு குறிப்பிட்ட சுற்றில் குதிரைக்கு முன்னால் குடை விரிக்கப்படும் என்றார்கள். குடையை யாரும் விரிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சுற்றில் மனிதரின் இதயத் துடிப்பும் கூடியது, குதிரையின் துடிப்பும் கூடியது.

இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். பயத்தை ஒளித்துவைக்கத் தேவையில்லை. உடம்பில் சில காரியங்களை மாற்றினால் போதும். மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள்; எண்ணி எண்ணி வெளியே விடுங்கள், அல்லது வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுங்கள். பாடும்போது மூச்சை அடக்க முடியாது. எனக்கு முருகன் பாட்டு. முழங்கால்களின் இறுக்கத்தைத் தளர்த்தி, குதிகாலைக் கீழே விடுங்கள். நல்ல குதிரை உங்கள் பயத்தைக் கவனிக்கும், ஆனால் அதைத் தன் பயமாக எடுத்துக்கொள்ளாது. அத்தகைய குதிரையைத் தேடித்தானே போகிறோம்.

ஹெல்மெட்?

குதிரையேற்றத்துக்கென்றே செய்தது, ஒவ்வொரு முறையும், குதிரை எவ்வளவு சாதுவானாலும். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது. ஒருமுறை பலமாக விழுந்தால் புதிது வாங்குங்கள். குதிகால் உள்ள காலணி போடுங்கள். கால் அங்கவடிக்குள் முழுதும் நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் அது தடுக்கும். தனுர்வாதத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் குதிரைக்குட்டி வாங்கிக் கொடுத்தால் இருவரும் சேர்ந்து வளர மாட்டார்களா?

அந்த ஆசையின் அழகு எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு பேரில் ஒருவருக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்கு வழி தெரிந்த குதிரையையே வாங்கிக் கொடுங்கள்.

பார்த்தபோது சாதுவாக இருந்தது. எங்கள் இடத்துக்கு வந்து ஒரு மாதத்தில் துள்ளுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அப்படியும் இருக்கலாம். அதற்கு முன் தீனித் தொட்டியைப் பாருங்கள். புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் பாசத்தில் கொள்ளும் ஓட்ஸும் அள்ளிப் போடுகிறார்கள்; வேலையோ வாரத்தில் இரண்டு நாள். குதிரைக்கு முதல் உணவு பச்சைப்புல்லும் உலர்புல்லும். உலர்புல்லாகக் கணக்கிட்டால் நாளொன்றுக்குக் குதிரையின் எடையில் 1.5 முதல் 2 விழுக்காடு. லேசான வேலை செய்யும் குதிரைக்கு அதற்குமேல் தானியம் கொஞ்சம்தான் தேவை. தானியத்தை ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள். திடீர் மாற்றம் வயிற்று வலியில் கொண்டுபோய் விடும், குதிரைக்கு அது உயிர் போகும் நோய்.

அடுத்து, தனிமை. குதிரை கூட்டத்தில் வாழும் விலங்கு. பள்ளியில் பத்துக் குதிரைகளோடு நின்றதைக் கொண்டுவந்து மதில் சூழ்ந்த தோட்டத்தில் தனியே கட்டினால் அதற்கு உறக்கமே வராது. இன்னொரு குதிரை முடியாவிட்டால் ஒரு கழுதையோ ஆடோ துணைக்கு விடுங்கள். சேணம் முதுகில் உறுத்துகிறதா, லாடம் சரியாக இருக்கிறதா, பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் துள்ளினால், பயிற்றுநரை வரவழைத்து ஒரு மாதம் அவர் ஓட்டட்டும்.

எல்லாம் செய்தும் எனக்கு அதன் மேல் ஏறவே பயமாக இருக்கிறது. விற்றுவிட்டால் தோல்விதானே?

இல்லை. நானே என் முதல் குதிரையை ஒன்பது மாதத்தில் கொடுத்துவிட்டேன். அதன்மேல் குறையில்லை, என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர் கையில் இருக்க வேண்டிய குதிரை அது. அதற்கு என்ன வரும், என்ன வராது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொடுத்து, ஓட்டத் தெரிந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தேன். அடுத்த மாதம் பள்ளியில் அந்தப் பெட்டைக் குதிரைக்கு வேலையைக் குறைக்கப்போவதாகச் சொன்னார்கள். அதற்கு அப்போது 18 வயது. கேட்டேன், கொடுத்தார்கள். இப்போது 23 வயதாகிறது. வாரத்தில் மூன்று காலை, வெயில் ஏறுவதற்கு முன், வாய்க்கால் கரையோரம் நடையாகவே போய்வருகிறோம்.